பனிக்குழியின் ஏழாம் போத்தல்

அந்த வருடத்துப் பனி மே மாதத்தில்தான் லண்டனுக்கு வந்து சேர்ந்தது. லூயிஷாம் சந்தையில் ஸ்ட்ரோபெரி விற்கத் தொடங்கியிருந்தார்கள். நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தின் பின்வாசலில் குளிர்வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து மூன்று வெள்ளைப் பெட்டிகளை இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாரதி போய்விட்டார். பெட்டிகளுக்குள் சிறிய போத்தல்களும், ஒன்றிரண்டு பெரிய பைகளும். எல்லாவற்றிலும் பனி. வடதுருவத்துக்குக் கிட்டவுள்ள ஒரு தீவின் பனியாற்றிலிருந்து வெட்டி எடுத்தது.

பனியாறு என்பது பெயரளவில்தான் ஆறு. மலைப் பள்ளத்தாக்கில் பல நூறு வருடங்களாகப் பனி விழுந்து, இறுகி, கட்டியாகி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். அதன் மேல் ஒவ்வொரு குளிர்காலமும் புதுப் பனி வந்து விழும், கோடையில் அதில் பெரும்பகுதி உருகிப்போகும். அந்த ஒரு பருவத்துப் பனிக்குள் என்னென்ன இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் எங்கள் வேலை.

நான் விஞ்ஞானி அல்ல. யாழ்ப்பாணத்தில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள். லண்டனுக்கு வந்த பிறகு பல வருடங்கள் பெட்ரோல் ஸ்டேஷனிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் ஷிப்ட் செய்தேன். நாற்பது வயது தாண்டிய பிறகுதான் இந்த ஆய்வுகூடத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. முதன்முதலாக வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, பரீட்சை எழுதப் போகும் பிள்ளை மாதிரி எனக்கே நான் தெரிந்தேன்.

எங்கள் குழுவை நடத்துபவர் ஓர் ஆங்கிலேயப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர், உயரமானவர், அளந்து பேசுபவர். ஒவ்வொரு ஏப்ரலிலும், உருகத் தொடங்குவதற்கு முன்பு, தன் மாணவர்கள் இருவருடன் அந்தப் பனியாற்றுக்குப் போவார். தங்கள் மூச்சும் வியர்வையும் பனியில் படக்கூடாது என்பதற்காக முகத்தை மூடி, தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு, போன கோடையின் கட்டிப்பனி தட்டுப்படும் வரை ஆளுயரத்துக்குக் குழி தோண்டுவார்கள். பிறகு குழியின் சுவரில் மேலிருந்து கீழாக, பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு போத்தல் பனி. மேலே இருப்பது நேற்று விழுந்தது. அடியில் இருப்பது போன செப்டம்பரில் விழுந்தது. அந்த வருடம் மூன்று குழிகள்: ஒன்று கடலோரம், ஒன்று நடுவில், ஒன்று மேலே மலை உச்சிக்குக் கிட்ட.

இந்த வேலையைப் பற்றி நான் முதலில் சொன்னபோது அண்ணை நம்பவில்லை. அவர் என் கூடப் பிறந்த ஒரே ஆள், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். இளவயதில் மன்னாரில் உப்பளத்தில் வேலை செய்தவர். இங்கே வந்து ரயில் பெட்டிகள் துப்புரவாக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"பனியெண்டால் தண்ணிதானே. தண்ணிக்குள்ளை என்னத்தைத் தேடுறாய்?" என்று கேட்டார்.

"காத்திலை என்னென்ன வந்ததோ அவ்வளவும் இருக்கும் அண்ணை. பனி அதையெல்லாம் பிடிச்சு வைச்சிருக்கும்."

நான் சொன்னது உண்மைதான். ஆனால் அதன் முழு அர்த்தம் எனக்கே அப்போது விளங்கியிருக்கவில்லை. பனியை உருக்கி, வடிகட்டி, எங்கள் இயந்திரத்துக்குள் ஒரு சொட்டு விட்டால், அது அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, திரையில் கோடுகளாக எழுப்பிக் காட்டும். வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் நம் நாக்குக்குத் தெரியாது, அந்த இயந்திரத்துக்குத் தெரியும். வசந்தகாலப் பனியில் நைட்ரேட்டும் சல்பேட்டும் எழும். அது தெற்கே பல நாடுகளின் வாகனங்களும் ஆலைகளும் விட்ட புகை. இன்னொரு சின்னக் கோடு எழும். கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகள் விடும் வாயுவிலிருந்து உண்டாகும் அமிலம் அது. கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று கடலில் மூச்சு விட்டிருக்கிறது, அது மலையில் பனியாக விழுந்திருக்கிறது, அதை நான் லண்டனில் ஒரு ஸ்டூலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை அந்தக் கோட்டைப் பார்த்த அன்று மத்தியானம் சாப்பிட மறந்துபோனேன்.

அந்த மே மாதத்தில் நடுக்குழியின் போத்தல்களைத்தான் முதலில் எடுத்தேன். ஏழாம் போத்தலில்தான் அது நடந்தது.

மற்றப் போத்தல்களில் உப்பைக் காட்டும் குளோரைட் விரலளவு உயரத்தில் எழுந்து அடங்கியது. ஏழாம் போத்தலில் அது திரையின் உச்சிவரை போய் முட்டியது. இயந்திரம் பிழை விட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி ஓடவிட்டேன். அதே உயரம். எட்டாம் போத்தல் மறுபடி சாதாரணமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, காலையில் குழுத்தலைவி அச்சடித்த தாளுடன் என் மேசைக்கு வந்தார். குரல் உயர்த்தவில்லை. பத்து வருடமாக அந்தப் பனியாற்றுக்குப் போகிறவர், இப்படி ஓர் எண்ணை அங்கே பார்த்ததில்லை என்றார்.

"இந்தப் போத்தலைக் கையாண்டபோது ஏதாவது நடந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எங்கள் வேலையில் அந்தக் கேள்விக்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. மனிதத் தோல் முழுக்க உப்பு. கையுறை இல்லாத ஒரு விரல் போத்தலின் வாயில் பட்டால் போதும், பனி சொன்னதெல்லாம் அழிந்துபோய் அந்த விரல் சொல்வது மட்டும்தான் மிஞ்சும்.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். குறிப்புப் புத்தகத்தில் நேரமும் எண்ணும் தவிர வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் நடந்தது எனக்குத் தெரியும். ஆறாம் போத்தலை வடிகட்டி முடித்தபோது பையில் போன் அதிர்ந்தது. அண்ணையின் கண் ஒப்பரேஷனுக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. அவருக்கு ஆங்கிலம் மட்டுமட்டு, ஆகவே ஆஸ்பத்திரிக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். வலது கையுறையைக் கழற்றி, வெளியே போய்ப் பேசினேன். ஒப்பரேஷனை முன்னுக்குத் தள்ளியிருக்கிறோம் என்றார்கள். சந்தோஷத்தோடு திரும்பி வந்து ஏழாம் போத்தலைத் திறந்தேன். இடையில் புதுக் கையுறை போட்டேனா? வழக்கமாகப் போடுவேன். அன்று போட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பின்னேரம் நேரே அண்ணை வீட்டுக்குப் போனேன். ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியுடன் கதிரையில் சாய்ந்திருந்தார். கண்ணுக்கு மருந்து விடுவது என் பொறுப்பு.

"என்ன பிள்ளை, முகம் சரியில்லை? ஒற்றைக் கண்ணாலை பாக்கிற எனக்கே தெரியுது" என்றார்.

"வேலையிலை ஒரு பிழை விட்டிட்டனோ எண்டு நினைக்கிறன்."

"விட்டனியோ, இல்லையோ?"

"அதுதான் தெரியேல்லை அண்ணை."

கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து உள்ளே இறங்கும் வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்ப, அது உன்ரை கையிலை இருந்த உப்பு எண்டு நினைக்கினம்."

"ஓம். இல்லாட்டில் சாப்பாட்டு உப்பு. எங்கையோ ஒட்டியிருக்கலாம்."

"கடல் உப்பாயிருக்க ஏலாதோ?"

"கடல் உப்பு எல்லாப் போத்தலிலையும் கொஞ்சம் இருக்குத்தான். இவ்வளவு ஒரே இடத்திலை இருக்காது எண்டுதான் அவ சந்தேகப்படுறா."

அண்ணை மூடிய கண்ணுடனேயே கையை அசைத்தார். "கடல் உப்பெண்டால் அதுக்குள்ளை கசப்பு இருக்கும். உப்பு விளைஞ்சு முடிய, பாத்தியிலை கடைசியாய்க் கொஞ்சத் தண்ணி மிஞ்சும். அதை நேரத்துக்கு வெட்டி விடாட்டில் உப்பு முழுக்கக் கசந்துபோம். அதுக்காக நான் எத்தினை நாள் பேச்சு வாங்கினனான். கடையிலை வாங்கிற உப்பிலை அந்தக் கசப்பு இல்லை. உன்ரை மிசினுக்குக் கசப்புத் தெரியுமோ?"

மருந்துப் போத்தலின் மூடியைப் பூட்டாமல் அப்படியே நின்றேன். அந்தக் கசப்புக்குப் பெயர் மக்னீசியம். கடல் தண்ணீரில் சோடியத்துக்கு இவ்வளவு மக்னீசியம் என்று ஒரு கணக்கு உண்டு. மன்னார்க் கடலிலும் வடதுருவக் கடலிலும் அது ஒரே கணக்குத்தான். கடை உப்பில் மக்னீசியம் அநேகமாக இல்லை. வியர்வையிலும் மிகக் குறைவு, அதில் பொட்டாசியம்தான் கூடுதலாக இருக்கும். இந்த உலோகங்களை அளக்கும் மற்ற இயந்திரம் ஒரு பாகத்துக்காக இரண்டு வாரமாகச் சும்மா கிடந்தது. பாகம் அன்று காலைதான் வந்திருந்தது. பயத்தில் அதை மறந்தே போனேன்.

"தெரியும் அண்ணை" என்றேன்.

அடுத்த நாள் வெள்ளனவே போய், பாகத்தைப் பூட்டி, முதலில் வெறும் சுத்தத் தண்ணீரை ஓடவிட்டேன். கோடு தரையோடு தரையாகப் போனது. பிறகு ஏழாம் போத்தலில் மிஞ்சியிருந்ததில் ஒரு சொட்டு. சோடியம் எழுந்தது. பொட்டாசியம் சிறியதாக எழுந்து அடங்கியது. சில நிமிடம் கழித்து, அகன்ற தோள்களோடு மக்னீசியம் எழுந்தது. பேனையால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடலின் கணக்கு. சல்பேட்டையும் சேர்த்துப் பார்த்தேன். அதுவும் கடலின் கணக்கு. என் கையால் இப்படி ஒரு உப்பைச் சமைக்க ஏலாது.

குழுத்தலைவி தாளை வாங்கி நின்றபடியே படித்தார். முகம் மாறியது, ஆனாலும் அவசரப்படவில்லை. ஒரு போத்தல் ஒரு போத்தல்தான் என்றார். மற்ற இரண்டு குழிகளின் பெட்டிகளும் இன்னும் உறைந்தபடி இருந்தன. தன் பனிக்குழிக் குறிப்புகளை எடுத்து விரித்தார். நடுக்குழியில் ஏழாம் போத்தலுக்குச் சற்று மேலே, கண்ணாடி மாதிரி மெல்லிய கட்டிப்படை ஒன்று இருந்ததாக எழுதியிருந்தார். மற்ற இரண்டு குழிகளிலும் அதே படை, வேறு வேறு ஆழத்தில். நடுக் குளிர்காலத்தில் திடீரென்று சூடாகி மழை பெய்து உறைந்த படை அது. ஏழாம் போத்தல் சொன்னது உண்மை என்றால், மற்றக் குழிகளிலும் அந்தக் கண்ணாடிப் படைக்குக் கீழே கடல் இருக்க வேண்டும்.

"இந்தத் தடவை நீங்களே உருக்குங்கள். நான் தொடவில்லை" என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார். "இல்லை. நீங்கள்தான் செய்ய வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

அன்று மாற்றிய கையுறைகளுக்குக் கணக்கில்லை. போத்தலுக்கு ஒரு சோடி. ஒவ்வொன்றும் உருக வேண்டும், வடிய வேண்டும், இயந்திரத்துக்குள் போய்க் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடலோரக் குழியின் போத்தல்களை மேலிருந்து வரிசையாக ஓடவிட்டோம். சாதாரணம், சாதாரணம், சாதாரணம். கண்ணாடிப் படைக்குக் கீழே இருந்த போத்தல் வந்தது. குளோரைட் திரையின் உச்சியில் போய் முட்டியது, நடுக்குழியில் முட்டியதைவிட வேகமாக. அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். உச்சிக்குழியிலும் அதே இடத்தில் எழுந்தது. கடலை விட்டுத் தூரம் என்பதால் அங்கே கொஞ்சம் சிறியது, ஆனால் பக்கத்துப் போத்தல்களைப் பார்க்க மலை மாதிரி இருந்தது. மூன்று குழிகள், அவற்றுக்கிடையே பல மைல் தூரம், ஒரே செய்தி.

பின்னேரம் அவர் தீவின் வானிலைப் பதிவுகளைத் தேடி எடுத்தார். ஜனவரியில் இரண்டு நாள், திறந்த கடலிலிருந்து பனியாற்றை நோக்கிப் பெரும் காற்று வீசியிருக்கிறது. வழக்கமாக அந்த மாதத்தில் கரையோரக் கடல் உறைந்து மூடிக் கிடக்க வேண்டும். அந்த வருடம் மூடவில்லை. திறந்து கிடந்த கடலின் அலைகளைக் காற்று சீவி எடுத்து, மலைமேல் தூக்கிக்கொண்டு போய், பனியோடு பனியாகக் கொட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு மழை வந்து கண்ணாடி மாதிரி மூடிவிட்டது.

"அப்போது அங்கே யாராவது இருந்தார்களா?" என்று கேட்டேன்.

"பனியாற்றில் ஒருவரும் இல்லை. அந்த மாதம் அங்கே சூரியனே வராது" என்றார்.

இருட்டில், ஒரு மனிதரும் பார்க்காத இடத்தில், கடல் எழுந்து மலைக்குப் போயிருக்கிறது. போன தடத்தைப் பனி வரி பிசகாமல் எழுதி வைத்திருக்கிறது. அந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று போனில் இருந்த படங்களைப் பார்த்தேன். ஒன்று, சந்தையில் வாங்கிய முருங்கைக்காய்க் கட்டு, விலையைக் காட்டுவதற்காக அண்ணைக்கு அனுப்பியது. இன்னொன்று, டி.எல்.ஆர். ஸ்டேஷனில் எடுத்தது, ரயில் பிந்தும் என்ற அறிவிப்பு. நான் ரயில் பிந்தியதற்கு எரிச்சல்பட்டுக்கொண்டு நின்ற அதே நேரம் அங்கே அது நடந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒன்றும் நடக்காவிட்டால் உலகில் ஒன்றும் நடக்கவில்லை என்பது போலத்தான் நான் அதுவரை வாழ்ந்திருக்கிறேன்.

கசப்பைப் பற்றி அண்ணை சொன்னதைக் குழுத்தலைவியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அந்த மனிதரை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். ஒரு மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஜூன் மாதத்தில் அவரே நாள் குறித்துத் தந்தார்.

அண்ணை பூசைக்குப் போவது மாதிரி உடுத்துக்கொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி போட்ட ஷேர்ட். அன்று நாங்கள் செய்யவிருந்தது ஒரு சிறிய பரிசோதனை. கண்ணாடிப் படைக்குக் கீழிருந்து பையில் கொண்டுவந்த பனியை ஒரு பெரிய புனலில் வைத்து, இயற்கையில் உருகுவது மாதிரி மெல்ல மெல்ல உருகவிட்டு, சொட்டும் தண்ணீரை வரிசையாகப் பத்துப் போத்தல்களில் பிடிப்பது. அண்ணைக்கும் ஒரு வெள்ளைக் கோட்டும் கையுறையும் கொடுத்தோம். புனலுக்கு எதிரே இருந்து, வைத்த கண் வாங்காமல் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதல் சொட்டு விழுந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு எண்கள் வந்தன. நானும் புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் கண்ணால் கண்டது அன்றுதான். முதல் இரண்டு போத்தல்களிலேயே அநேகமாக எல்லா உப்பும் வந்துவிட்டது. மூன்றாவதில் கொஞ்சம். ஐந்தாவதுக்குப் பிறகு கோடு தரையைத் தொட்டுவிட்டது. புனலில் இன்னும் பாதிக்கு மேல் பனி வெள்ளையாக இருந்தது, ஆனால் அதற்குள் கடல் இல்லை.

பனித் துகள் இறுகும்போது உப்பைத் தன் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது, ஆகவே முதலில் உருகும் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு ஓடிவிடும் என்று குழுத்தலைவி விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். பனியாற்றிலும் இந்த நாட்களில் இதுதான் நடந்துகொண்டிருக்கும் என்றார். குளிர்காலம் முழுக்கச் சேர்ந்தது ஒரு சில நாட்களில் ஓடையில் இறங்கி, வந்த கடலுக்கே போய்விடும்.

அண்ணை புனலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கடை பாத்தியிலை தண்ணி போகும், உப்பு நிக்கும்" என்றார். "இங்கை உப்பு போகுது, தண்ணி நிக்குது. இப்பிடியும் ஒரு விளைச்சல் இருக்கெண்டு எனக்குத் தெரியாது."

அதை ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் திரும்பி அண்ணையை நேராகப் பார்த்தார். தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். என்னவென்று நான் கேட்கவில்லை.

அந்த ஆய்வைப் பற்றிய கட்டுரை அடுத்த வருடம் வெளிவந்தது. எழுதியவர்களின் வரிசையில் என் பெயரும் இருந்தது. என் மகள் அதைப் பெரிதாக அச்சடித்து, "அம்மா, this is huge" என்று சொல்லிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். அது பெருமைதான். ஆனால் எனக்கு அந்த ஆய்விலிருந்து முதலில் ஞாபகம் வருவது அந்தப் பெயர் அல்ல, அந்த ஜூன் மாதப் பின்னேரம்.

எல்லாம் முடிந்து, புனலில் மிஞ்சிய சுத்தப் பனியை ஊற்றிவிடப் போனபோது, அண்ணை தயங்கித் தயங்கிக் கேட்டார்: "குடிச்சுப் பாக்கலாமோ எண்டு அவவைக் கேள்."

ஆய்வுகூடத்துக்குள் எதையும் குடிக்கக் கூடாது. அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, புதுக் காகிதக் கோப்பைகள் மூன்று எடுத்தார். சுத்தமான கண்ணாடிப் பாத்திரத்தில் அந்தப் பனியை உருகவைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். கட்டடத்துக்குப் பின்னால், சைக்கிள்கள் பூட்டும் இடத்தில், நல்ல வெயிலில் மூன்று பேரும் நின்று குடித்தோம். கோப்பைக்கு இரண்டு மிடறுதான் இருந்தது. பல்லுக் கூசும் குளிர். உப்பு, கசப்பு, இனிப்பு, ஒன்றும் இல்லை. அப்படி ஒரு தண்ணீரை நான் அதற்கு முன் குடித்ததில்லை. அண்ணை கடைசிச் சொட்டையும் வாயில் விட்டு, கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஆறு மணிப் பூசைக்கு நேரமாகிறது என்று சொல்லி, குழுத்தலைவியின் கையைப் பிடித்துக் குலுக்கி விடைபெற்றார். நான் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து, அண்ணையைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.